முத்தையாபுரத்தில் இருக்கும் பசி

மாசம் பிறந்தால் ஒரு மகன் வீட்டிலிருந்து புறப்பட்டு இன்னொரு மகன் வீட்டில் போய் இறங்குவது என்று மூன்று வருஷமாக இருந்துவந்த தனிஸ்லாஸ், ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு கையில் ரெக்சின் பையும் ஒரு கையில் மாத்திரைகள் குலுங்கும் பிஸ்கட் டப்பாவுமாகத் திரேஸ்புரத்துக் கடைசி மகன் ரீகனின் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய இருமல் அவரோடு வரவில்லை.

அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் ரீகனின் மனைவி டெல்பின், ஐந்து மாதக் குழந்தை ஆன்லின் ஒருமுறைகூட முழிக்காமல் தூங்கியிருக்கிறாளே என்று முதலில் மாதாவுக்கு நன்றி சொல்லி, அப்புறம் பயந்து மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்து, அதற்கும் அப்புறம்தான் மாமா இருமவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் முத்தையாபுரத்திலிருந்து போன் வந்தது. நடு மகன் அருள்ராஜின் மனைவி சகாயம்.

"ஏளா டெல்பின், மாமா இருமல இங்க விட்டுட்டுப் போயிட்டாவ, தெரியுமா?"

"எப்படிக்கா?"

"எப்படின்னா? அவிய படுத்திருந்த ரூம்லருந்து விடியக்காலம் அஞ்சு மணிக்கு லொக்கு லொக்குன்னு கேக்கு. நானும் தூக்கக் கலக்கத்துல சுடுதண்ணி கொண்டுபோயி வச்சுட்டு வந்துட்டேன். அப்புறம்தான் நினைப்பு வருது, ஆளு அங்கல்லா இருக்காவ."

"அத்தான் என்ன சொல்லுதாவ?"

"அவிய என்ன சொல்லுவாவ? திரும்பிப் படுத்துக்கிட்டாவ."

தனிஸ்லாஸ் முப்பத்தாறு வருஷம் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், பென்ஷன் கிடையாது, மனைவி இறந்த வருஷம் இருந்த ஒரே வீட்டையும் விற்று மகன்கள் மூன்று பேரும் பங்கு பிரித்துக்கொண்ட அன்றே, பத்திரத்தில் எழுதாத ஒரு பங்காக அவரையும் ஆளுக்கு ஒரு மாசம் என்று பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் ஜெயசீலன் மில்லர்புரத்தில், நடுவுள்ளவன் முத்தையாபுரத்தில், கடைசியில் திரேஸ்புரம், மறுபடியும் மில்லர்புரம். முப்பத்தொரு நாள் மாசம் யாருக்கு வருகிறது, பிப்ரவரி யாருக்கு விழுகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் பேச்சு வந்தது. மற்றபடி முறை என்றால் முறை. ஒன்றாம் தேதி நாலு மணிக்கு எடுக்க வேண்டிய வீட்டுக்காரன் ஆட்டோவோடு வந்து நிற்பான், கொடுக்க வேண்டிய வீட்டுக்காரி பையைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள், தனிஸ்லாஸ் டிக்கெட் கிழித்த கையை இரண்டு தரம் தட்டிவிட்டு, "ரைட், போலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் அதைச் சொல்கிறார் என்று டெல்பினுக்குத் தெரியும்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி ஜெயசீலன் வந்து அவரைக் கூட்டிப்போன பிறகு, டெல்பின் அடுப்படியில் நின்று குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தபோது, உள் அறையிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து திரும்ப உள் அறைக்கும் வெறுங்கால் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டது. சர்க்கரை வந்து உணர்ச்சி போன கால். வலது காலை ஊன்றி இடது காலை இழுக்கிற நடை. அவள் வழி விட்டு ஒதுங்கி நின்றாள். ஒதுங்கிய பிறகுதான் உடம்பு சிலிர்த்தது.

ராத்திரி மில்லர்புரத்திலிருந்து ஜெயசீலனின் மனைவி மெட்டில்டா பேசினாள். அவள் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், எதையும் லீவு லெட்டர் மாதிரிதான் சொல்வாள். "மாமா நடந்தா சத்தமே இல்ல டெல்பின். பின்னால வந்து நின்னு 'எம்மா'ங்கறாவ, நான் பால கொட்டிட்டேன். உன் வீட்ல ஏதாவது விட்டுட்டு வந்துட்டாவளா, பாரு."

"நடைய விட்டுட்டுப் போயிட்டாவக்கா."

"சரி, இருக்கட்டும்," என்றாள் மெட்டில்டா, குடையை மறந்து வைத்துவிட்டதைச் சொன்னதுபோல.

இப்படியாக மாசத்துக்கு ஒன்று நின்றது. அக்டோபர் பிறந்து மில்லர்புரத்திலிருந்து முத்தையாபுரம் போனபோது குரல் மில்லர்புரத்தில் நின்றுவிட்டது. பகல் முழுக்க ஆளில்லாத அந்த அறையில், "புதுக்கோட்டை, வாகைகுளம், வல்லநாடு, பாளை, உள்ள போங்க, உள்ள போங்க" என்று தனிஸ்லாஸின் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் முத்தையாபுரத்துத் தனிஸ்லாஸ் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி அவர் மறுபடி டெல்பின் வீட்டுக்கு வந்தபோது பசியை முத்தையாபுரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். திரேஸ்புரத்து லைன் வீட்டில் அடுத்த வாசலில் இருக்கும் லில்லி புஷ்பம், கேட்ட உடனே, "எங்க அம்மைக்கு முட்டுவலி நாசரேத்துல அக்கா வீட்ல நிக்கி, இங்க வந்தா விறுவிறுன்னு நடக்கா, அங்க போனாத்தான் தாங்கித் தாங்கி நடக்கா, நான் யார்ட்டயும் சொல்லல" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கிழவரின் கோபம் மட்டும் மூத்த மகள் வீட்டில் தங்கிவிட்டதில் மற்ற மகள்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஒரு வீட்டில் அம்மாவின் உறக்கம் பெங்களூரில் இருந்தது. அவள் எட்டு மாசமாகக் கொட்டக் கொட்ட முழித்தபடி ஊரில் கிடந்தாள். ஒன்றாம் தேதிகளில் சவாரி ஓட்டும் ஆட்டோக்காரர், "நாலஞ்சு முறை மாறினவங்கள ஏத்தினா தெரிஞ்சிரும், வண்டி அமுங்காது" என்றார். மருந்துக் கடையில் இருமலுக்கு ஒரு பில், இருமின ஆளுக்கு ஒரு பில் என்று தனித்தனியாகக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் போட்டுக் கொடுத்தார்கள். கிறிஸ்மஸ் வருமுன் மாமாவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமே என்று டெல்பின் போய்க் கேட்டபோது பங்குச் சாமியார் வெகுநேரம் மீசையைத் தடவிவிட்டு, குரல் இருக்கிற மில்லர்புரத்துக்கே தான் போவதாகச் சொன்னார், போனார், அந்த அறையில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்பு வழங்கிவிட்டு வந்தார்.

மகன்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் பேசினார்கள். எந்த வீட்டில் எது நிற்கிறதோ அது அந்த வீட்டுச் செலவு என்று முடிவானது. ஜெயசீலனுக்குக் குரல் வாய்த்ததில் சந்தோஷம், குரலுக்குச் செலவில்லை.

"உனக்கு என்னளா," என்று மெட்டில்டா டெல்பினின் தோளில் தட்டினாள், "உனக்கு ஒத்தப் பிள்ளை. நாளைக்கு உன்னப் பிரிக்க ஆளில்ல, முழுசாக் கிடப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். டெல்பின் இடுப்பில் இருந்த ஆன்லினை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஒத்தப் பிள்ளை என்றால் மொத்தப் பாரமும் அதன் தலையில்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

பசி இல்லாத மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் மூன்று நாள் தனிஸ்லாஸ் தட்டின் முன்னால் மரியாதையாக உட்கார்ந்தார், சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், வாய்க்குக் கொண்டுபோனார், அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றிருந்த சர்க்கரை மாத்திரைகளுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. நாலாம் நாள் குளிக்கப் போனவர் குழாயடியில் சரிந்தார். டெல்பின் ஆன்லினை லில்லி புஷ்பத்திடம் கொடுத்துவிட்டு அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார்.

"இங்க வந்திருக்கிறது வரைக்கும் எல்லாம் நார்மல்," என்றார்.

"சாப்பிட மாட்டேங்காவ டாக்டர். பசி முத்தையாபுரத்துல இருக்கு."

"அப்ப அங்க கொண்டுபோய்க் குடுங்க," என்றார் டாக்டர், அடுத்த சீட்டை எழுதிக்கொண்டே. "மாத்திரையும் அங்க வச்சே குடுங்க. சாப்பிடாம ஒரு வாரம் தாண்டக் கூடாது, பாத்துக்கோங்க."

மறுநாள் டெல்பின் தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் எடுத்து, குழந்தையை ஒரு கையிலும் மாமனாரை ஒரு கையிலும் பிடித்து, பஸ் மாறி முத்தையாபுரம் போனாள். சகாயம் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தாள். "பிள்ளைய உள்ள விட்டா நாலு தோசை தின்னாலும் இன்னும் இன்னுங்குதுவ," என்றாள். "அரிசி கட்டுப்படி ஆகல."

பூட்டைத் திறந்ததும் டெல்பினுக்கே பசித்தது. காலியாக, சுத்தமாக, ஜன்னல் சாத்தியிருந்த அந்த அறையில் பசி ஒரு ஆள் மாதிரி இருந்தது. தனிஸ்லாஸ் உள்ளே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டி காலியாகும்வரை தலை நிமிரவில்லை. சுவரோரத்தில் அவருடைய இருமல் நடுநடுவே இருமியது. அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் சாப்பிட்டார்.

"தினமும் கூட்டிட்டு வரட்டாக்கா?"

சகாயம் யோசித்தாள். "முறை என்னோடது இல்லல்லா. சோறு நீ கொண்டு வா. பசி நான் தாறேன்."

நவம்பர் முழுக்க அப்படியே போனது. பதினொரு மணி பஸ்ஸில் போய் மூன்று மணிக்குத் திரும்புவார்கள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் தனிஸ்லாஸ் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து அடங்கும். வீட்டில் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார், அவருடைய நடை மட்டும் குழாயடிக்கும் வாசலுக்கும் போய்வரும். ஆன்லின் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே தவழப் பழகினாள். கூடத்தில் ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்து, தூக்கச் சொல்லிக் கை நீட்டுவாள். டெல்பின் ஓடிவந்து தூக்கிக்கொள்வாள். கான்வென்டில் படித்தபோது காலை ஜெபத்தில் சிஸ்டர், காணப்படுகிறவை காணப்படாதவை எல்லாவற்றையும் படைத்தவர் என்று சொல்லிக்கொடுத்ததை அவள் பன்னிரண்டு வருஷம் சொல்லியிருக்கிறாள். காணப்படாதவை வீட்டுக்குள் குழாயடிக்குப் போய்வரும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

டிசம்பருக்கு மில்லர்புரத்து முறை. மாசக் கடைசியில் டெல்பின் மெட்டில்டாவுக்குப் போன் போட்டு, முத்தையாபுரத்துக்கு எப்படிக் கூட்டிப்போக வேண்டும், எந்த பஸ், எத்தனை சட்டி என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணு, டெல்பின்! நான் வேலைக்குப் போறவ. தினமும் யாரு அலைவா? இவிய டாக்டர்ட்ட பேசியாச்சு, மூக்கு வழியா டியூப் போட்டுரலாம்னுட்டாவ. அதுக்குப் பசி வேண்டாம். மூணு வேளையும் கஞ்சிய ஊத்திரலாம்."

"அக்கா, அது மட்டும் இல்ல. ஒவ்வொரு முறையும் ஒண்ணு நிக்கி. இனி மாமாட்ட நிக்கதுக்கு என்ன இருக்கு? மூச்சுதான் இருக்கு."

மறுமுனையில் மெட்டில்டாவுக்குப் பின்னால், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று மாமாவின் குரல் கேட்டது.

"மூச்சு நின்னா உன் வீட்லதான நிக்கும்?" என்றாள் மெட்டில்டா. "அப்ப அது உன் செலவு."

ரீகன் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் இல்லை. டெல்பின் அவனிடம் அன்று சாயங்காலமே சொன்னாள், மாமா போக வேண்டாம் என்று. அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு தடவ முறைய நிப்பாட்டினோம்னா நம்ம தலையில கட்டிருவானுவ. வாடகை, பிள்ளைக்கு ஊசி, பால் மாவு, இதுல அப்பாவுக்கு மாத்திரை... நீ சம்பாதிக்கியா நான் சம்பாதிக்கேனா?" என்றான்.

"போனாச் செத்துருவாவங்க."

"அவிய என்ன சொல்லுதாவ, கேட்டியா?"

கேட்டாள். மாமா முன்னால் குந்தி உட்கார்ந்து, "போறியளா மாமா?" என்று கேட்டாள். தனிஸ்லாஸ் அவளையும், அடுப்படியில் தொங்கிய சின்னச் சின்னத் துணிகளையும், மகனையும் பார்த்தார். போகிறேன் என்று தலையாட்டினார். பிறகு அவரே எழுந்து போய் ரெக்சின் பையில் வேட்டிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். அவருடைய நடை அந்த நேரம் பார்த்து வாசலில் போய் நின்று, திரும்பி வர மறந்துவிட்டது.

ஒன்றாம் தேதி நாலு மணிக்கு ஜெயசீலன் ஆட்டோவோடு வந்தான். ரீகன் வேலைக்குப் போயிருந்தான். தனிஸ்லாஸ் சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து, ஆட்டோவில் ஏறி, கையை இரண்டு தரம் தட்டினார். யாரும் சிரிக்கவில்லை. டெல்பின் இடுப்பிலிருந்த ஆன்லின் எக்கி அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்தால் மறுபடி பிடித்தாள். ஒன்பது மாசக் குழந்தைக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று ஆட்டோக்காரர் ஆச்சரியப்பட்டார்.

அப்போதுதான் டெல்பினுக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு முறையும் எடுக்கிற வீட்டு ஆள்தான் வந்திருக்கிறாரே தவிர, விடுகிற வீட்டிலிருந்து ஒருத்தரும் அவரோடு போனதில்லை. வீட்டிலிருந்து ஒருத்தி கூடவே போனால், பேசிக்கொண்டே போனால், விரலைப் பிடித்துக்கொண்டே போனால், ஒன்றும் பின்னால் நிற்காதோ என்னவோ.

"நானும் வாரேன் அத்தான். கொண்டுவந்து விட்டுட்டு வந்துருதேன்," என்று சொல்லி, வீட்டைப் பூட்டி, ஏறி உட்கார்ந்தாள்.

வழி முழுக்க அவள் மாமாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூச்சு வந்தது. பாலத்தில் வந்தது. ரயில்வே கேட்டில் நின்றபோதும் வந்தது. மூன்றாம் மைல் தாண்டியும் வந்தது. மார்பு ஏறி இறங்குவது வேட்டிக் கரையில்கூடத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரும்போல ஒரு சந்தோஷம். "நிக்கல அத்தான், ஒண்ணும் நிக்கல," என்றாள். ஜெயசீலன் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது அவளை அல்ல, மடியை.

"எம்மா டெல்பின், பிள்ளைக்கு என்ன?"

ஆன்லின் அழுதுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் இறுகி, கன்னத்தில் நீர் வழிய, வாய் முழுக்கத் திறந்து, உள்ளே அண்ணம் தெரிய அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. எப்போதிலிருந்து அழுகிறாள் என்று டெல்பினுக்குத் தெரியவில்லை. குழந்தையின் சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. அவள் குலுக்கினாள், முதுகில் தட்டினாள், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

போன் அடித்தது. லில்லி புஷ்பம்.

"ஏளா, உனக்குக் கூறு இருக்கா? பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டா போன? அரை மணி நேரமாத் தொண்ட கிழியக் கத்திக்கிட்டுக் கிடக்கு!"

போனுக்குள் லில்லி புஷ்பத்தின் குரலுக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குப் பின்னால், அவளுடைய பிள்ளையின் அழுகை கேட்டது.

பெரியவர் யார், சின்னவள் யார் என்று வீட்டுக்குத் தெரியவில்லை. ஒன்றாம் தேதி நாலு மணிக்குப் போகிறவர்கள் என்று மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "வண்டியத் திருப்புங்க," என்றாள் டெல்பின். ஆட்டோக்காரர் ஜெயசீலனைப் பார்த்தார். "அவியள என்ன பாக்கிய? திருப்புங்க!" என்று அவள் கத்திய கத்தலில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான்.

பூட்டைத் திறக்கையில் சாவி மூன்று தரம் கீழே விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. அழுகை கூடத்தின் நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நின்று, தேம்பித் தேம்பிக் கரகரத்துப் போயிருந்தது. டெல்பின் அதன் நேர் கீழே போய்த் தரையில் உட்கார்ந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, தெரிந்தது ஒன்றுதான். வாசலில் அத்தான் நிற்கிறார், ஆட்டோக்காரர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் சேலையை இழுத்துப் போர்த்தி, பிள்ளையை மார்பில் வைத்தாள். சத்தமில்லாத வாய் பற்றிக்கொண்டது. மேலே அழுகை ஒருமுறை உச்சத்துக்குப் போனது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விக்கலாகி, விக்கலும் அவள் தோளுக்கு மிக அருகில் வந்து, நின்றது. அவள் அசையவில்லை. ஜெபம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் எதையாவது கலைத்துவிடுவோமோ என்று பயம். பால் தீர்ந்து மார்பு வலித்தபோது ஆன்லின் வாயை எடுத்து, அவளை அண்ணாந்து பார்த்து, வீல் என்று அழுதாள். சொந்த வாயால்.

ஜெயசீலன் வாசலில் பையைப் பிடித்தபடி நின்றான். அவன் பின்னால் தனிஸ்லாஸ் நின்றார், மெலிந்து, கையைக் கட்டிக்கொண்டு, இறங்க வேண்டிய இடம்தானா என்று பார்க்கிறவர்போல.

"பைய உள்ள வைங்க அத்தான்."

"முறை?"

"வைங்கன்னேன்."

"இனி எங்க யார்ட்டயும் வரக் கூடாது, பாத்துக்கோ. நாங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல. நீயா வச்சுக்கிட்டதுன்னு ஆயிரும்."

"ஆகட்டும்."

அவள் மாமாவுக்காக அதைச் சொன்னாளா என்றால், அப்படித்தான் ஊரில் சொன்னார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். டெல்பின் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது பயம் மட்டும்தான்; இந்த வாசலைத் தாண்டி இனி யாரையும் கொடுத்துவிட முடியாது என்கிற பயம், அது அன்பு மாதிரியேதான் வேலை செய்தது. நாளைக்கும் பதினொரு மணிக்கு முத்தையாபுரம் போக வேண்டும். குழந்தையைக் கூட்டிப்போனால் ஒரு பயம், விட்டுப்போனால் ஒரு பயம். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமாவுக்குப் பாயை விரித்துப் போட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் ரீகன் வந்தான். அண்ணன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்று அவன் சைக்கிளை நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. டெல்பின் கதவுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு. என்ன செஞ்சு வச்சிருக்க நீ?"

அவள் தள்ளவில்லை. "எங்கிருந்து வாறிய?"

"எங்கிருந்து வருவேன்? ஹார்பர்லருந்துதான். என்னளா கேள்வி இது?"

குரல் இருந்தது. கோபமும் இருந்தது. தெருவிளக்கில் அவன் பின்னால் நிழல் விழுந்திருந்தது. அவள் அவன் கையை எடுத்து மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள், பின் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். டீசலும் வியர்வையும்.

"பசிக்கா?" என்று கேட்டாள்.

"பசிக்காம? மத்தியானம் ஒரு வடையோட நிக்கேன். ஏன் இப்படிப் பாக்க?"

"முழுசா வந்திருக்கியளான்னு பாக்கேன்," என்று சொல்லி, டெல்பின் அவனை உள்ளே விட்டாள்.